டாக்டர் வேதவல்லியின் பயம்

எலவனாசூர்கோட்டை சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ரபீக் போன் செய்தான். எங்கள் கிளினிக்கில் மருந்து எடுத்துக்கொடுப்பவன். "அக்கா, எங்க கீறீங்க? டாக்டரம்மா காலையில எழுந்திரிக்கவே இல்லியாம்," என்றான். நான் காய் வாங்காமலே பஸ் ஏறினேன்.

கச்சிராயபாளையம் சாலையில் அந்தத் தோல் கிளினிக்கின் பெஞ்சில் காத்திருந்த உங்களுக்கெல்லாம் டாக்டர் வேதவல்லியைக் கோபக்காரர் என்றுதான் தெரியும். "யாரைக் கேட்டு இதைப் பூசினீங்க?" என்ற குரல் தெருவரைக்கும் வரும். பல வருஷம் அவரிடம் நர்ஸாக இருந்தவள் நான். அது கோபமில்லை, பயம். ஒரு குழந்தையால்தான் எனக்கு அது தெரிந்தது.

செல்வி கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூரிலிருந்து வந்தவள். புருஷன் கேரளாவில் கூலிவேலை. புடவை கட்டும் இடுப்பைச் சுற்றி அவளுக்குப் படர்தாமரை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு மருந்துக் கடையில் களிம்பு டியூப் வாங்கிப் பூசியிருக்கிறாள். சட்டென்று அரிப்பு அடங்கியது. விட்டதும் முன்னைவிட அகலமாகத் திரும்பி வந்தது. இடுப்பில் தூக்கிச் சுமந்த மகனுக்கும் தொடையில் தொற்றிக்கொள்ள, அவனுக்கும் அதையே மாதக்கணக்கில் தடவி, மேலே துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.

குழந்தை கன்னம் உப்பி, பார்க்க ஆசையாக இருந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சினார்கள். நானும்தான். டாக்டர் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். தொடையில் நரம்பு தெரியும்படி மெலிந்துபோன தோலைப் பார்த்தார். டியூபை வாங்கிப் படித்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இது சதை இல்லம்மா. இந்த மருந்தால வந்த வீக்கம். யார் குடுத்தது இதை?"

குரல் உயர்ந்துவிட்டது. ரத்தம் எடுக்க நான் ஊசி கொண்டுவருவதற்குள் செல்வி குழந்தையோடு போய்விட்டிருந்தாள்.

அவள் தந்த நம்பருக்கு லைன் கிடைக்கவே இல்லை. மறுநாள் காத்திருந்தவர்களை அனுப்பிவிட்டு, "வண்டியில ஏறு," என்றார் டாக்டர்.

"அவ பயந்துபோய் டியூபைத் தூக்கிப் போட்டிருப்பா. படைக்கான மருந்தோட அதுல கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருக்கு. பிஞ்சுத் தோல் வழியா அது ரத்தத்துல இறங்கிடுச்சு. குழந்தையோட உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரக்கறதை நிறுத்தியிருக்கும். திடீர்னு நிப்பாட்டினா உசுருக்கே ஆபத்து." மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறியது. "நான் கத்தினதாலதான் ஓடிட்டா. எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

கரியாலூர் டீக்கடையில் விசாரித்தோம். "அந்தக் குண்டுப் புள்ள வூடா? இன்னா அழகா இருக்கும் அது," என்று ஒருவர் சிரித்தபடி வழி காட்டினார்.

செல்வி வாசலில் நின்றிருந்தாள். "நீங்க சொன்னதும் அதைத் தூக்கிப் போட்டுட்டேங்க. பால் குடிக்க மாட்டேன்றான். வாந்தி எடுத்துக்கினே இருந்தான். இப்ப அழக்கூட இல்லீங்க."

பாயில் துவண்டு கிடந்தான். உள்ளங்கால் சில்லிட்டிருந்தது. அவன் உடம்பு சுரக்காததை ஈடுகட்டக் கையோடு கொண்டுவந்த ஊசியை டாக்டர் போட்டார். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் என் மடியில்தான் கிடந்தான். "மூச்சு இருக்கா? சொல்லிக்கினே வா," என்று ஓட்டியபடியே கேட்டார். "இருக்குங்க, இருக்குங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த முறை என்ன சொல்ல நேருமோ என்று அவன் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தேன்.

பிழைத்துக்கொண்டான். அந்த மருந்தின் பிடியிலிருந்து அவனை மெல்ல மெல்ல மீட்டார்கள். கன்னம் வற்றியபோது, "புள்ள இளைச்சிட்டானே," என்று செல்வி அழுதாள். "இதுதாம்மா உன் பிள்ளையோட நிஜ முகம்," என்றார் டாக்டர்.

படைக்கு வேறு களிம்பு எழுதி, எப்படிப் பூசுவதென்று அவளையே தன் முன்னால் செய்துகாட்டச் சொன்னார். இம்முறை குரல் உயரவில்லை. "கழுவு. ஈரமில்லாம துடை. மெலிசா பூசு, தடிப்பைச் சுத்தி இருக்கற நல்ல தோல்லயும் கொஞ்சம். கண்ணுல, வாயில படக் கூடாது. மேல இறுக்கிக் கட்டாத. கை கழுவிட்டுப் பிள்ளையைத் தூக்கு. அரிப்பு நின்னாலும் நான் சொன்ன நாள் வரைக்கும் பூசணும். எரிஞ்சா, வீங்கினா, நிறுத்திட்டு உடனே என்கிட்ட வா. இது உனக்கு எழுதினது. அவனுக்கு வேற எழுதியிருக்கேன்."

அதற்குப் பிறகும் உங்களிடம் கத்தினார். ஆனால் கத்தி முடித்ததும் என்னைப் பார்த்து, "வாசல்ல நில்லு, போயிடப் போறாங்க," என்பார். நானும் போய் நிற்பேன்.

அவர் உடலை எடுத்த அன்று திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. எல்லாரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். "ஏம்மா, புள்ளைக்கு ஏதாவது களிம்பு பூசுறியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முறைத்தாள். "எண்ணெய்தாங்க, வேற இன்னா?" என்றாள். குழந்தையின் துணியை நானே விலக்கித் தொடையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டாக்டரம்மாவின் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது. அது போக வேண்டாம்.