கொதிக்க வைத்துக் குடியுங்கள்

தர்மபுரி டவுனுக்கு வெளியே, பென்னாகரம் ரோட்டை ஒட்டிய லேஅவுட்டில் எனக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. கீழே நாங்கள், மேலே குடித்தனம். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்ல வருகிற விஷயத்தில் இதெல்லாம் எனக்கு எதிரான சாட்சி.

எங்கள் போர் தண்ணீர் கடும் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து கல்லாகிவிடும். அதையாவது கண்ணால் பார்க்கலாம். கூடவே வரும் ஃபுளோரைடு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடம் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, பரிசோதனைக்கு அனுப்பினோம். நானும் ஒரு பாட்டில் சேர்த்தேன். வந்த தாளில் என் வீட்டுக்கு நேரே 'குடிக்க உகந்ததல்ல' என்று இருந்தது. பிள்ளைகளின் முடிவுகளை வகுப்பில் சத்தமாக வாசித்தேன். என்னுடையதை மடித்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

எங்களுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் முறை வைத்து வரும். அதைத் தரைத்தொட்டியில் சேர்த்து, குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வோம். மாடிக்குப் போர் தண்ணீர்தான் ஏறும்.

முன்பிருந்த குடித்தனக்காரர்கள் ஹீட்டர் மூன்றாம் முறை கெட்டதும் சலித்துப்போய்க் காலி செய்தார்கள். இரண்டு மாதம் மாடி பூட்டிக் கிடந்தது. பிறகுதான் சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வருவதாகத் தரகர் சொன்னார். புருஷனுக்கு டவுனில் ஆபீஸ் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. மலைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் வருவதற்கு முதல் நாளே மாடிக் குழாய்களை ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். மேல்தொட்டியைக் காலி செய்துவிட்டு, தரைத்தொட்டியில் இருந்த ஆற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றினேன்.

வீடு பார்க்க வந்தபோது, நினைத்தபடியே அவர் மனைவி அறைகளை எட்டிக்கூடப் பார்க்காமல் சமையலறைக் குழாயடிக்குப் போனாள். பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்துக் கையில் தேய்த்தாள். நுரை பொங்கியது. ஒரு வாய் குடித்தாள். குழந்தைக்கும் உள்ளங்கையில் பிடித்துக் கொடுத்தாள்.

"தண்ணி நல்லாருக்குதுங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

"இந்த ஏரியாவுலயே நம்ம போர்தாம்மா நல்ல ஊத்துல விழுந்திருக்குது" என்றேன் நான். யாரும் கேட்காமலே சொன்ன பொய் அது.

என் பல்லைப் பார்த்திருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள். என் முன்பற்களில் சின்ன வயதிலிருந்தே இந்த ஃபுளோரைடு போட்ட பழுப்புக் கோடுகள் உண்டு. கோயம்புத்தூரில் படித்தபோது, நான் வாயைத் திறந்ததுமே எந்த ஜில்லா என்று சொல்லிவிடுவார்கள். கல்யாண ஃபோட்டோவில்கூட வாயை இறுக மூடிக்கொண்டு, யாரோ கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தவன் மாதிரி நிற்பேன். அந்த வலி எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அவர்கள் குடிவந்த சில நாட்களில் அவள் இறங்கி வந்தாள்.

"சார், தண்ணி மாறுன மாதிரி இருக்குதுங்களே. சாதம்கூட மஞ்சளா வருதுங்க."

"கோடை இல்லயாம்மா, தண்ணி கீழ எறங்கிருச்சு. கொதிக்க வெச்சுக் குடிங்க, ஒண்ணும் ஆவாது."

கொதிக்க வைத்தால் உப்பில் கொஞ்சம் அடியில் படியும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடத்தான் செய்யும். இதை நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்கிறவன். அவளோ தினமும் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்துக் குழந்தைக்குக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் "சார் சொல்லியிருக்காருங்க" என்று அவள் மரியாதையோடு சொன்னது ஒருநாள் என் காதிலும் விழுந்தது.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, பச்சப் புள்ள இருக்குற வூடு. மேல ஒரு கொடம் ஆத்துத் தண்ணி குடுத்துரலாங்க" என்றாள். ஒருநாள் கொடுத்தால் தினமும் கேட்பார்கள் என்று அவள் வாயை அடைத்தேன். உண்மைக் காரணம் அதில்லை. ஒரு குடம் கொடுத்தாலும், மேலே வருவது கெட்ட தண்ணீர் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஈஸ்டருக்கு முன் சர்ச்சில் பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்திலும், "பொய் சொன்னேன் சாமி" என்று பொதுவாகச் சொல்லி, பரிகாரமாகக் கிடைத்த செபத்தைச் சொல்லி முடித்துவிட்டு வந்தேன்.

ஐந்து வருடம் ஓடியது. மாடிவீட்டுக் குழந்தைக்குப் பால்பல் விழுந்து முன்பற்கள் முளைத்தன. சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைத் திட்டுகளோடுதான் முளைத்தன. போகப் போக அவை பழுப்பேறின. ஒருநாள் அதன் அம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை அழுது ஓய்ந்திருந்தது.

"பாருங்க சார், பல்லு வெளக்குடின்னா ஏமாத்துறா. கோவத்துல ரெண்டு அடி போட்டுட்டேனுங்க. நீங்களாச்சும் சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பா."

என் வாயில் வார்த்தை வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் வந்தது. "நல்லா வெளக்கணும் கண்ணு" என்றேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துத் தலையாட்டியது. அதைப்போல ஒரு ஈனத்தனத்தை என் வாழ்நாளில் நான் வேறெங்கும் செய்ததில்லை.

விளக்கி விளக்கி ஈறில் ரத்தம் வந்த பிறகுதான் பல் டாக்டரிடம் போனார்கள். அன்று சாயங்காலமே அவள் தனியாக வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"தண்ணியாலதான் இப்படின்னு டாக்டர் சொல்றாருங்க. கொதிக்க வெச்சாலும் போவாதாம். அப்படிங்களா சார்?"

"போகாதும்மா."

"உங்களுக்கு முன்னயே தெரியுங்களா?"

"தெரியும்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒண்ணுமில்லாததுக்குப் புள்ளய அடிச்சுட்டேனுங்க" என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதம் காலி செய்வதாக அவள் புருஷன் வந்து சொன்னார். அப்போதும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்.

காலி செய்கிற அன்று டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போதே, வீடு பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். மகளோடு மாடிப்படி இறங்கி வந்த பழைய குடித்தனக்காரியிடம், ஜோடியாக வந்த பையன், "ஏங்க்கா, இங்க தண்ணி எப்படி?" என்று கேட்டான்.

"சாரையே கேளுங்க" என்றாள் அவள். மகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

சொன்னேன். ஃபுளோரைடைச் சொன்னேன். கொதிக்க வைத்தாலும் போகாது, குடிக்கவும் சமைக்கவும் கீழேயிருந்து ஆற்றுத் தண்ணீர் தருகிறேன், போர் தண்ணீரை வாயில் வைக்கவே கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

அந்தப் பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இந்தக் காலத்துல எந்த வூட்டுக்காரருங்க சார் இதையெல்லாம் உள்ளது உள்ளபடி சொல்றாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இப்படிப்பட்ட மனுசன் வூட்டுல இருந்திருக்கீங்க, நீங்க குடுத்து வெச்சவங்க அக்கா" என்றான்.

அவள் அவனையும் என்னையும் பார்த்தாள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, மகளைத் தூக்கி டெம்போவின் முன்சீட்டில் உட்கார வைத்தாள். நான் அந்தப் பையனிடம் எதையும் திருத்திச் சொல்லவில்லை.