அண்ணன் என்னிடம் கொடுத்த ராஜினாமாக் கடிதம்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றார்கள் உறவினர்கள். நல்லது சொல்ல நிறையவே இருக்கிறது. ஆனால் நான் செய்த ஒன்றை மறைத்துவிட்டு அதையெல்லாம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தூத்துக்குடியில் பிறந்த அண்ணன், அப்பா காலமானதும் இருபத்திரண்டு வயதில் அமீரகத்தின் ராஸ் அல் கைமாவுக்கு வந்தார். டைல்ஸ் கம்பெனியில் நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலையில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனார். இரண்டு தங்கைகளின் கல்யாணம், என் படிப்பு, அதே கம்பெனி ஆபீஸில் எனக்கு வேலை, எல்லாம் அவர் செய்தது. டூட்டி முடிந்தால் படம் வரைவார். உடைந்த டைல்ஸின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டார். யானை கண்ணாடி போட்டிருக்கும், நண்டு குடை பிடித்திருக்கும். பிள்ளைகள் அவற்றுக்காக அடித்துக்கொள்வார்கள்.

அந்தப் படங்களைப் பார்த்து, சென்னையில் சிறுவர் நூல்கள் வெளியிடும் பதிப்பகம் ஒன்று அவரை வேலைக்கு அழைத்தது. சம்பளம் இங்கே வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. நான் மல்லுக்கட்டினேன். பாதியில் நிற்கும் வீட்டையும் பிள்ளைகள் படிப்பையும் சொன்னேன். அண்ணி மட்டும் சமாளித்துக்கொள்ளலாம் என்றார். பத்து நாள் யோசித்த அண்ணன், ராஜினாமாக் கடிதம் எழுதி, மேனேஜரிடம் சேர்க்கும்படி என்னிடமே கொடுத்தார்.

"ஏல, நாப்பத்தாறு வயசாச்சு. இனியும் விட்டா எப்பம் வரையப் போறேன்?"

நான் சேர்க்கவில்லை. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டால் விசாவை ரத்து செய்துவிடுவார்கள். வெயில் காலத்தில் எல்லாருக்கும் ஊர் ஆசை வரும், லீவில் போய் வந்தால் தெளிந்துவிடுவார் என்று நானாக முடிவு செய்தேன். அவர் கேட்டபோதெல்லாம், மேனேஜர் பார்க்கிறார் என்றேன். இரண்டு மாதம் காத்திருந்த பதிப்பகம் வேறொருவரை எடுத்துக்கொண்டது.

செய்தி வந்த அன்று அண்ணன் சொன்னார்: "விடுல. மேனேஜரையும் குத்தம் சொல்ல முடியாது. நீயும் எனக்காவ அலைஞ்ச."

பாவி நான், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவர் வரைவது குறைந்துபோனது. ஆறு வருடம் கழித்து, டூட்டியில் நெஞ்சுவலி வந்து நான்கே நாளில் போய்விட்டார். வீடு அதற்குள் கட்டி முடிந்திருந்தது. நான் புத்தி சொல்லி நிறுத்தியதால்தான் குடும்பம் தலைநிமிர்ந்தது என்கிறார்கள். நிமிர்ந்தது உண்மைதான். ஆனால் நான் பொய் சொல்லித்தான் நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த கம்பெனி நண்பர்களுக்கும், உடலை ஊருக்கு அனுப்ப ஆபீஸ் ஆபீஸாக அலைந்த அன்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதற்காக மேனேஜரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அண்ணி சொன்னார்:

"அப்படியே போடுங்க தம்பி. எல்லாரும் தெரிஞ்சுக்கிடட்டும். தெரிய வேண்டியவுகளுக்குத்தான் தெரியாமப் போச்சு."