ஒன் பை டூ

இன்று மதியம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன வியட்நாம் ஹோட்டல். கூட வந்தவன் என் பழைய நண்பன் சலீம்.

மெனுவில் நூடுல்ஸ் சூப்பைப் பார்த்ததும், "ஒண்ணு குடுங்க, ஒன் பை டூ" என்றான்.

பரிமாறும் பெண் தயங்கினாள். "சார், இது ஒருத்தருக்கான முழு சாப்பாடு."

"பரவால்லம்மா. காலி பவுல் ஒண்ணு மட்டும் கூட குடு."

தொண்ணூறுகளில் தி.நகரில் ஒரே கடையில் வேலை பார்த்தோம். சனிக்கிழமை தோறும் ஸ்வீட் கார்ன் சூப். அவன் பிரிப்பான், நான் முதலில் எடுப்பேன். ஒரு கிண்ணத்தில் எப்போதும் கூடுதலாக இருக்கும். "உனக்குப் பிரிக்கவே தெரியலடா" என்று அதையே எடுத்துக்கொள்வேன்.

இன்றும் பிரித்தான். கோழித் துண்டெல்லாம் ஒரே கிண்ணத்தில். இத்தனை வருஷம் கழித்து இன்றுதான் எனக்கு உறைத்தது.

குறைந்ததை எடுத்தேன்.

"இன்னா மச்சி, உடம்பு சரியில்லையா?" என்றான்.

பிரிக்கத் தெரியாத ஒருவன் உங்களுக்கும் இருப்பானே?