பொட்டலத்தில் போட்டிருந்த விலை

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு கல்லூரியின் பொருளாதாரத் துறையில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். எங்கள் பக்கம் டீத்தூள் விற்றுவந்த இரண்டு கம்பெனிகள் ஒன்றாகச் சேரப்போவதாகச் செய்தி வந்தது. சேர்ந்த பிறகு கடைகளில் விலை ஏறுகிறதா என்று பார்ப்பது பேராசிரியரின் திட்டம். நான் தேனிக்காரி என்பதால் கம்பம் பள்ளத்தாக்கை என்னிடம் விட்டார்.

மாதம் ஒருமுறை பழனிசெட்டிபட்டியில் தொடங்கித் தேவாரம் வரை பஸ்ஸில் போய்வருவேன். வியாபார நேரத்தில் கடைக்காரர்களை நிறுத்திக் கேள்வி கேட்க எனக்குக் கூச்சம். பொட்டலத்தை எடுத்து, அதில் அச்சடித்திருந்த விலையை எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். கம்பெனிகள் சேர்ந்தன. அச்சு விலை மாறவே இல்லை. இணைப்பால் விலை ஏறவில்லை என்று கட்டுரையை முடித்துத் தட்டச்சுக்கும் கொடுத்துவிட்டார் பேராசிரியர்.

கட்டுரை தட்டச்சில் இருந்தபோது போன கடைசிச் சுற்றில் தேவாரத்துக் கடை ஒன்றில் நின்றிருந்தேன். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் ஒரு பெண் டீத்தூள் வாங்கிவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்கு நின்றாள்.

“எப்பவும் இதுல போட்டிருக்கிறதுக்குப் பத்துக் காசு கொறச்சுத்தானண்ணே குடுப்பீக?”

“அப்ப ரெண்டு கம்பெனி வண்டியும் போட்டி போட்டுக்கிட்டு வந்துச்சு. டஜனுக்கு ஒரு பொட்டலம் சும்மா தந்தாக, நானும் கொறச்சுக் குடுத்தேன். இப்பத்தான் கம்பெனி ஒண்ணாயிருச்சே. சும்மா யாரு தாரா?”

அவள் முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

“இத்தன மாசமா வாரேன், இதச் சொல்லவே இல்லியேண்ணே?” என்றேன் அவரிடம்.

“நீங்க எங்கன கேட்டீக? பொட்டலத்தப் பாத்து எழுதிட்டுப் போயிட்டீக.” அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மூன்று நாள் எல்லாக் கடைகளுக்கும் திரும்பப் போனேன். முக்கால்வாசிப் பேர் அதே கதையைத்தான் சொன்னார்கள். ஆனால் எந்த மாதம் என்ன விலைக்கு விற்றோம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்துக் காசு என்றவரே அஞ்சு காசாகவும் இருக்கும் என்றார்.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. “ஒரு கடையிலகூடவா வித்த விலையைக் கேக்கல?” என்று மட்டும் கேட்டார். “இல்ல சார்” என்றேன். தட்டச்சு செய்த தாள்களை எடுத்து முடிவுரையின் மேல் குறுக்காகக் கோடு போட்டார். இந்தத் தகவல்களைக் கொண்டு சில்லறை விலை ஏறியதா என்று கூற இயலாது என்ற வரியோடு கட்டுரை தாமதமாக அச்சானது. அதில் என் பெயருக்கும் நன்றி சொல்லியிருந்தார்.

பிறகு வேறொரு ஆய்வுக்காகத் தேவாரம் போனேன். கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார்.

“டீத்தூள் விசயம் என்னன்னு எழுதுனீக?”

“வெல ஏறுச்சா இல்லியான்னு தெரியலன்னு எழுதியிருக்கோம்.”

அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு அதை அப்படியே சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சேர்ந்து சிரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.