அடுத்த நிறுத்தம், நீர்நாய்ச் சதுப்பு

என் தங்கை பஸ் ஓட்டுகிறாள். ஊரின் வடகோடியில் கிளம்பி ஆஸ்பத்திரி வரை போகிற பஸ். அவளுடைய சீருடையைத் தைப்பது நான்தான். சொந்தமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். எல்லாருடைய சட்டைக்கும் பட்டன் தைக்க ஒற்றை நூல் போதும் எனக்கு. அவள் சட்டைக் காலர் பட்டனுக்கு மட்டும் இரட்டை நூல். கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் அவள் பிடித்துத் திருகுவது அதைத்தான்.

அவள் போகும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் கோரை மண்டிய சதுப்பு நிலம். காலையில் முதல் பஸ் அந்த இடத்துக்கு வரும்போது ஒரு நீர்நாய்க் குடும்பம் சாலையைக் கடக்கும். கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டவர்களைப் போல, பெரியது முன்னால் ஓட, குட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பின்னால் ஓடும். தங்கை பிரேக்கை மெதுவாக அழுத்தி பஸ்ஸை நிறுத்திவிடுவாள்.

முதலில் பயணிகள் முணுமுணுத்தார்கள்.

"ஏம்மா, நாங்க வேலைக்குப் போக வேண்டாமா?"

"அதுங்களும் வேலைக்குத்தாங்க போகுது. மீன் தானா வந்து வாயில விழுமா?"

கொஞ்ச நாளில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டையே வந்தது. ஒரே ஒருவர்தான் அந்த நீர்நாய்களைப் பார்த்ததில்லை. ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுபவர். சீட்டில் சாய்ந்த உடனே தூங்கிவிடுவதால் தூக்க அண்ணன் என்றே அவருக்குப் பெயர். தங்கை மைக்கில் "அடுத்த நிறுத்தம்" என்று ஆரம்பித்தால் போதும், கண்ணைத் திறக்காமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். "அண்ணே, உங்க இடம் இன்னும் வரல, உக்காருங்க" என்று அவள் தினமும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் கோரைக்கு நடுவில் 'விற்பனைக்கு' என்று பலகை முளைத்தது. அன்று வேலை முடிந்ததும் சீருடையோடு நிலக்காரர் வீட்டுக்கே போய்விட்டாள் தங்கை. அவர் கெட்ட மனிதர் இல்லை. வயதாகிவிட்டது, மகனோடு போய் இருக்கப் போகிறார்.

"லாரி கம்பெனிக்காரன் குடோன் கட்டக் கேக்குறான். வனத்துறைக்குக் குடுக்கத்தாம்மா எனக்கும் ஆசை. அவங்ககிட்ட மனசு இருக்கு, பணம் இல்லியே."

வனத்துறை அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் ஒரு செய்தியும் சொன்னார்கள். கல்குவாரிகள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, காட்டுயிர் வாழும் நிலங்களை வாங்கிப் பராமரிக்க ஒரு நிதி. அதற்கான மசோதா சட்டமன்றக் குழுவிடம் தூங்கிக்கொண்டிருந்தது. அது நிறைவேறினால் சதுப்பை வாங்கிவிடலாம். கூட்டத்தொடர் முடியும்வரை காத்திருப்பதாக நிலக்காரர் வாக்குக் கொடுத்தார். அதற்குமேல் என்றால் குடோன்தான்.

"தூங்குறத எழுப்புறது நமக்குப் பழக்கம்தானக்கா" என்றாள் தங்கை.

ஸ்டியரிங்கில் இருக்கும்போது இந்தப் பேச்சே கூடாது என்று டிப்போ மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி என்று, கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கிற நேரத்தில் டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவாள். சட்டமன்ற உறுப்பினருக்கு எப்படிப் போன் செய்வது என்று பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கத்தக் கூடாது. கெஞ்சவும் கூடாது. நான் இன்னார், உங்க தொகுதி, இந்த மசோதாவுக்குக் கைதூக்குங்க, அவ்வளவுதான். என் கடைக்குத் துணி கொண்டு வந்தவர்களையும் நான் சும்மா விடவில்லை. அளவெடுக்கும்போது ஓட முடியாதல்லவா? இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிடுவேன். கடைசியில் உறுப்பினரின் உதவியாளர் போனை எடுத்ததுமே, "நீங்களும் அந்த பஸ்ஸா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் உறுப்பினர் அந்தக் குழுவில் இருந்தார். மசோதாவை இழுத்தடித்துக்கொண்டே இருந்தவர் அவர்தான். ஒரு நாள் தங்கையைக் கூப்பிட்டனுப்பினார். நானும் துணைக்குப் போனேன்.

"ஏம்மா, நீர்நாய்க்கு ஓட்டு இருக்கா?" என்று சிரித்தார்.

தங்கையின் கை காலர் பட்டனுக்குப் போனது. "அதுக்கு இல்லீங்க. எனக்கு இருக்கு. என் பஸ்ஸுக்கே இருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சரி, குழு பொதுமக்கள் கருத்தக் கேக்கப் போகுது. அங்க வந்து பேசு. மத்தவங்களும் கேக்கட்டும்."

அந்த நாளில் புடவை கட்டுவதா, சீருடையா என்று வீட்டில் பெரிய விவாதம். "உன்னை யாருன்னு சொல்றதே இந்தச் சட்டைதாண்டி" என்று சொல்லி, சீருடையை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தேன். மண்டபத்தில் முன் மேசையில் குழு, பின்னால் நாங்கள். பஸ்ஸில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். தூக்க அண்ணனும் வந்திருந்தார், உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்.

தங்கையின் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றாள். எழுதி மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. பட்டனைத் திருகுகிறாள், திருகுகிறாள். என் இரட்டை நூலுக்கு நான் வேண்டிக்கொண்டேன். உடம்பில் சீருடை, முகத்துக்கு முன்னால் மைக். வாய் தன் பழக்கத்தைச் செய்துவிட்டது.

"அடுத்த நிறுத்தம்..."

மண்டபம் திகைத்தது. தூக்க அண்ணன் கண்ணை மூடியபடியே எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்க இடம் இன்னும் வரல, உக்காருங்க!" என்றாள் தங்கை மைக்கிலேயே.

மண்டபமே குலுங்கியது. குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் உறுப்பினர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தங்கையும் சிரித்தாள். சிரித்ததும் பட்டனை விட்டாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. ஆரம்பிச்சுட்டேன், பஸ்ஸ நடுவழியில விட முடியாது" என்றாள்.

"ஓட்டும்மா, நாங்களும் ஏறிட்டோம்" என்றார் தலைவி.

அப்புறம் அவளை யார் பிடிப்பது? பேச்சிலேயே குழு முழுவதையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். வளைவில் நிறுத்தி நீர்நாய்களைக் கடக்க விட்டாள். மழை கொட்டினால் அத்தனை தண்ணீரையும் அந்தச் சதுப்பு குடித்துக்கொள்வதால்தான் ஆஸ்பத்திரி வாசல் வரை பஸ் போக முடிகிறது என்றாள். விற்பனைப் பலகையையும் காட்டினாள்.

"இதுக்கு அடுத்த நிறுத்தம் எதுன்னு நான் சொல்ல முடியாதுங்க. அது உங்க கையில இருக்கு."

குழுவில் முதலில் தூக்கிய கை எங்கள் உறுப்பினருடையது. கூட்டத்தொடர் முடிவதற்குள் மசோதா சட்டமாயிற்று. அந்தச் செய்தி வந்தபோது நான் ஒரு கால்சட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் ஒரு காலைக் குட்டையாக வெட்டிவிட்டேன். வாடிக்கையாளர் தங்கையின் பஸ்ஸில் வருகிறவர்தான், அதனால் பிழைத்தேன்.

நிலக்காரரும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சதுப்பை வனத்துறை வாங்கியது. பலகையைப் பிடுங்கிய அன்று அவரே வந்து கூட ஒரு கை கொடுத்தார். பிறகு பஸ் நிர்வாகம் அந்த வளைவுக்குச் சற்று முன்னால் புதிதாக ஒரு நிறுத்தம் வைத்தது.

முதல் நாள் நானும் ஏறினேன். மைக்கில் தங்கையின் குரல் வந்தது: "அடுத்த நிறுத்தம், நீர்நாய்ச் சதுப்பு."

தூக்க அண்ணன் வழக்கம்போல் எழுந்தார்.

"அண்ணே, உங்க இடம் இன்னும்..."

"தெரியும்மா" என்றார். இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன. "இன்னைக்கு நான் இங்கதான் இறங்கறேன். இத்தன வருஷமா நீங்க எல்லாரும் என்னத்தப் பாக்குறீங்கன்னு நானும் பாக்க வேண்டாமா?"