சதம் ஏறாத பஸ்

போன வாரம் டவுன்ஹால் பக்கம் நடைபாதையில் ஒருவர் பழைய காசுகளைத் துணியில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஓர் இலங்கைச் சதம். அவர் சொன்ன விலைக்கு அந்தக் காலத்தில் இலங்கைக்கே போய்த் திரும்பியிருக்கலாம். அந்தச் சதத்தைப் பஸ்ஸில் ஏறவிடாமல் காத்த மாவீரன் எதிரில் நிற்கிறான் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

அறுபதுகளில் நான் மேட்டுப்பாளையம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கலெக்டர் உத்தியோகம் எனக்கு அடுத்தபடிதான் என்ற நினைப்பு. தோல்பையின் செம்பு வாசம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விடாது, சோற்றிலும் வரும். அதில் பாதி சதங்களின் வாசம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை விட்டுத் திரும்பியவர்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தவை. டீக்கடையிலும் வெற்றிலைக்கடையிலும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

சர்க்காருக்குப் பொறுக்கவில்லை. வெளிநாட்டுச் சில்லறையைக் கொண்டுவரக் கூடாது, புழங்கக் கூடாது என்று தடை வந்தது. நாடு எந்த ஆபத்திலிருந்து தப்பியது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் முதலாளி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சிவப்புப் பெயிண்டில் எழுதிவைத்தார்: 'சதம் கொடுப்பவர் இறக்கிவிடப்படுவார்.' கொங்கு மண் அல்லவா, கீழே 'மன்னிக்கவும்' என்றும் எழுதச் சொன்னார்.

ஒருநாள் கல்யாணத்துக்குப் போக முதலாளியும் சம்சாரமும் முன் சீட்டில் வந்தார்கள். துடியலூர் தாண்டியதும், கைக்குழந்தையோடு ஒரு பெண் டிக்கெட்டுக்கு நீட்டியதெல்லாம் சதம். இலங்கையிலிருந்து வந்து சில நாள்தான் ஆகிறதாம். புருஷன் மூட்டைகளோடும் கையிலிருந்த நம்மூர்க் காசோடும் முந்தின பஸ்ஸில் போய்விட்டான். சாயங்காலத்துக்குள் இருவரும் கோத்தகிரித் தோட்டத்தில் பேர் கொடுக்காவிட்டால் வேலை கிடையாது.

"செல்லாதுங்க அம்மணி," என்றேன்.

பஸ்ஸே உச்சுக்கொட்டியது. "பாவமுங்க," என்றார் ஒருவர். "சட்டமுங்களே," என்றார் இன்னொருவர். உச்சுக்கொட்டச் செலவில்லை.

முதலாளி திரும்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. எறங்கிக்குங்க."

நடுரோட்டில் ஒருத்தியை இதைவிடப் பதமாகத் தள்ளிவிட முடியாது.

அவள் அழவில்லை, குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்தாள். அப்போது முதலாளியம்மா கையை நீட்டி ஒரு சதத்தை வாங்கிப் பார்த்தார். இங்கிலாந்து ராஜா தலை. தம் கழுத்துக் காசுமாலையைத் தூக்கிப் பார்த்தார். அத்தனையும் இங்கிலாந்துப் பவுன்.

"ஏனுங்க," என்று புருஷனைக் கூப்பிட்டார். அந்த அம்மா பஸ்ஸில் வாய் திறந்து நாங்கள் கேட்டதே இல்லை. "என்னையும் எறக்கி உட்டுருங்க. என்ற கழுத்துல கெடக்கறதும் இதே ராசாதானுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு பஸ் முழுக்கச் சிரித்தது. முதலாளி ஜன்னலுக்கு வெளியே ஏதோ மில் சுவரை ஆராயத் தொடங்கினார். நான் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு, போகலாம் என்று விசிலை ஊதினேன். அத்தனை சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் நான் ஊதியதில்லை. அந்தப் பெண் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, புருஷனோடு கோத்தகிரி பஸ் ஏறியதையும் பார்த்தேன்.

மறுநாள் அந்தச் சிவப்பு எழுத்தை அழிக்கச் சொல்வார் என்று நினைத்தோம். அது அப்படியே இருந்தது. தம் வீட்டுப் பெண்கள் இனிப் பஸ்ஸில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, முதலாளி ஒரு கார் வாங்கினார். ஜன்னலுக்குத் திரை போட்ட கார்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை, காசுமாலையை அழித்துப் பேத்திகள் வேறு நகை செய்துகொண்டதாகக் கேள்வி. சதமோ, தடைக்குப் பிறகும் வெகுநாள் வெற்றிலைக்கடைகளில் ஓடியது. முதலில் புழக்கத்திலிருந்து போனது அந்த அம்மாதான்.