எங்கள் ராக் குழுவின் மூன்று கசெட்டுகள்

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முந்திய வருஷம் கண்டியில் நாங்கள் நான்கு பேர் ஒரு ராக் குழு வைத்திருந்தோம். கிட்டார் வாசித்த சிங்கள நண்பன்தான் தலைவன். தமிழனான நான் ஓர்கன். முதல் கசெட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. தாளம் ஏழு எண்ணிக்கையில் தொடங்கி ஐந்துக்குத் தாவும். நடுவில், நகரின் மஹய்யாவ பகுதியில் குடியிருந்த ஓர் ஆசிரியை, நாங்கள் ரீச்சர் என்று அழைப்பவர், தமிழில் பாடுவார். கேட்டவர்கள் பலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு அதுவே பெருமை.

கலவரத்தில் ரீச்சரின் வீடு எரிந்தது. எங்கள் குடும்பம் தலைவனின் வீட்டில் ஒளிந்து தப்பியது. அடுத்த கசெட்டில் பாட்டுகள் சுருங்கின. எல்லாமே ஆங்கிலம். தமிழ்க் குரல் எங்கே என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. மூன்றாவது வந்தபோது போர் முற்றியிருந்தது. முழுக்கச் சிங்களப் பாட்டுகள், அணிவகுப்புக்கு அடிப்பதுபோல நேரான ட்ரம்ஸ். அதுதான் நன்றாக விற்றது.

அந்தப் பாட்டுகளை நகர மண்டபமொன்றில் வாசித்தோம். மேடையேறுமுன் தலைவன் என் தோளைப் பிடித்து, "மச்சான், முன்வரிசையில் சீருடையோடு ஆமிக்காரர்கள். உன் பெயரை மாற்றிச் சொல்கிறேன், கோபிக்காதே" என்று சிங்களத்தில் சொன்னான். என் மேலுள்ள அக்கறைதான். ஒலிவாங்கியில் ஏதோவொரு சிங்களப் பெயர் கேட்டது. நான் எழுந்து கும்பிட்டேன். கைதட்டியவர்களுக்கு நடுவே, சக ஆசிரியர்களோடு ரீச்சர் உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் வாசலில் அவரிடம் ஓடினேன்.

"ரீச்சர், அந்தப் பேரை நான் சொல்லச் சொல்லல."

"தெரியும் தம்பி. பஸ்ல யாராவது கேட்டா நானும் வேற பேருதான் சொல்றேன். அதுல என்ன இருக்கு?" என்றார். பிறகு, "ஆனா பாட்டை ஏன் மாத்துனீங்க? அதை யாரும் மாத்தச் சொல்லலியே" என்றார்.

காது சுட்டது. உண்மையிலேயே எவரும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய பஸ் வந்தது, போய்விட்டார்.

அடுத்த ஒத்திகையில் இதைத் தலைவனிடம் சொன்னேன். அவன் கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தான். கடைசித் தந்தியை முடுக்கிவிட்டு, "யாரும் மாற்றச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும்" என்றான்.

நான் விலகினேன். ஓர்கன் குழுவுடையது, அதை என் வீட்டிலிருந்து எடுத்துப்போக அவனே வான் வண்டி கொண்டுவந்தான். இருவரும் சேர்ந்து தூக்கி ஏற்றினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு வந்த அவர்களுடைய கசெட் கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் ஒரு கடையில் ஒலித்தது. நின்று முழுவதையும் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.